நகல் பலகையில் என் பெயர்

எங்கள் நீதிமன்றத்தின் நகல் பிரிவுக்கு வெளியே, வராந்தா சுவரில், கம்பி வலை போட்ட மரப்பலகை ஒன்று இருந்தது. போன மாதம் அதைக் கழற்றிவிட்டார்கள். இனிமேல் நகல் கேட்டு மனுப் போடுகிறவர்களுக்குச் செல்போனில் குறுஞ்செய்தி போய்விடுமாம். கழற்றுவதற்கு முன்னால் ஓய்வுபெற்றவர்களை எல்லாம் கூப்பிட்டு, பலகைக்கு இரண்டு பக்கமும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்திருக்கிறார்கள். எனக்கும் போன் வந்தது. நான் போகவில்லை. அதன் பக்கத்தில் நின்று பல்லைக் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் நீதிமன்ற ஊழியர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். கேட்ட தம்பி, நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் இப்போது உட்காருகிறவர். மறக்க முடியாத அனுபவம் ஒன்றை இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள் என்றார். என்ன எழுதப்போகிறேன் என்று சுருக்கமாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு யோசனை சொன்னார், நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அதற்கு என் பதிலைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் அவர் பாடு.

எந்த நீதிமன்றம் என்று சொல்லப்போவதில்லை. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கட்டடங்களில் ஒன்று, இரண்டு நீதிமன்றங்களுக்கும் சேர்த்து ஒரே நகல் பிரிவு, அவ்வளவு போதும். நான் செம்பட்டிக்காரி. அப்பாவுக்குத் தேங்காய் வியாபாரம். தட்டச்சில் இரண்டு மொழியும் மேல்நிலை முடித்து, தேர்வு எழுதி, இருபத்து மூன்று வயதில் வேலைக்கு வந்தேன். முதல் மூன்று வருஷம் தட்டச்சு இயந்திரத்தைத் தவிர வேறு எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதைப்பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

நகல் பிரிவு என்றால் வெளியில் பலருக்குத் தெரியாது. தீர்ப்புச் சொல்கிறவர் நீதிபதி. அந்தத் தீர்ப்பு முத்திரை குத்திய காகிதமாக ஒருத்தர் கைக்கு வருவது எங்கள் அறையிலிருந்து. ஒருவர் நகல் கேட்டு மனுப் போட்டால், அதற்கு உள்ளே ஓர் எண் போடுவோம். பதிவறையிலிருந்து வழக்குக் கட்டை எடுத்து, பக்கங்களை எண்ணி, இத்தனை முத்திரைத்தாள் வேண்டும் என்று தினமும் ஒரு பட்டியல் தயாரித்துப் பலகையில் ஒட்டுவோம். மனுப் போட்டவர் அதைப் பார்த்து மூன்று வேலை நாளுக்குள் தாளைக் கொண்டுவந்து கட்ட வேண்டும். கட்டினால் நகல். கட்டாவிட்டால் பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரு கோடு, மனு தள்ளுபடி. வக்கீல் குமாஸ்தாக்களுக்கு இதெல்லாம் தண்ணிபட்ட பாடு. காலையில் வந்ததும் பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் டீக்கடைக்கே போவார்கள். மற்றவர்களுக்குப் பலகை என்று ஒன்று இருப்பதையே யாராவது சொன்னால்தான் உண்டு.

எனக்குக் கண்காணிப்பாளராக இருந்தவர் வேலாயுதம் சார். எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவார். மேஜையைத் தன் கையாலேயே துடைத்து, மைப்பெட்டியைத் திறந்து பார்த்து மூடி வைத்துவிட்டு உட்காருவார். வழக்காடிகள் வாங்கித் தரும் டீயைக் குடிக்க மாட்டார், குடிக்கிறவர்களையும் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் அன்று முழுக்க அவர்கள் பக்கம் திரும்ப மாட்டார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கையில் இருக்கும் பேனாவின் மூடியைப் போட்டுவிடுவார். பேனா மூடிவிட்டது என்றால் பேச்சு முடிந்தது. எத்தனையோ வக்கீல்கள் அந்த மூடியின் முன்னால் வாயடைத்துத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

அடித்த நகலை அசலோடு ஒப்பிடுவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. அசலை நான் சத்தமாக வாசிக்க வேண்டும். அவர் நகலில் ஒவ்வொரு சொல்லின் அடியிலும் விரலை வைத்துக்கொண்டே வருவார். கமா, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விரலை விடச் சொல் முன்னால் ஓடிவிட்டால், "செத்த நேரம்" என்று மட்டும் சொல்வார். மனைவியை அடித்த கணவன், கணவனை விட்டுப் போன மனைவி, பிள்ளை யாரிடம் இருப்பது என்ற சண்டை, எல்லாவற்றையும் கமா போட்டு வாசித்து வாசித்து எனக்குக் குடும்ப வாழ்க்கை பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. அப்படி நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் எனக்குக் கல்யாணம் ஆயிற்று.

வீட்டுக்காரர் கை ஓங்குகிறவர். அவ்வளவுதான் சொல்வேன், மீதி என் மனுவில் இருக்கிறது. நாலு வருஷம் பொறுத்தேன், ஐந்தாம் வருஷம் பெட்டியோடு செம்பட்டிக்கு வந்துவிட்டேன். அப்பா நாலு பெரிய மனுசர்களைக் கூட்டினார். எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் நடக்கிற கதைதான். உறவு முறிந்ததற்கு அடையாளமாக ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, இருபது ரூபாய்ப் பத்திரத்தில் இனி இவருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை என்று எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கி, ஒரு நோட்டரி முத்திரையும் குத்திவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பார்கள். அப்படி எழுதிய பத்திரத்தோடு மாதத்துக்கு இரண்டு பேராவது எங்கள் ஜன்னலுக்கு வருவார்கள். இதில் கோர்ட்டு சீல் ஒன்று மட்டும் வைத்துக் கொடுங்கள், பையனுக்கு அடுத்த முகூர்த்தம் வைத்திருக்கிறோம் என்பார்கள். இது வெறும் காகிதம் ஐயா, அந்தக் கல்யாணம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்றால் என்னை முறைப்பார்கள்.

அதே காகிதத்தைத்தான் என் அப்பா என் முன்னால் நீட்டினார். "ஏத்தா, ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சு போச்சு. கோர்ட்டுன்னு போனா உம் பேரு சந்திக்கு வந்துரும்" என்றார். நான் அந்தக் காகிதத்தைத் தொடவில்லை. கல்யாணப் பத்திரிகை, மாலையும் கழுத்துமாக நின்ற போட்டோ, இரண்டு பேர் முகவரிக்கும் அத்தாட்சி, வக்காலத்து, இவ்வளவையும் எடுத்துக்கொண்டு போய் மனுத் தாக்கல் செய்தேன். நான் வேலை பார்த்த கட்டடத்திலேயே அடுத்த நீதிமன்றம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பதினைந்து அடி நடந்து போய்க் கூண்டில் நின்றேன். இரண்டரை வருஷம். கடைசியில் தீர்ப்பு வந்தது.

நகலுக்கு மனுப் போட்டேன். மறுநாள் பலகைக்கான பட்டியலை அடித்ததும் நான்தான். அந்தக் காலத்தில் பட்டியலில் மனு எண், வழக்கு எண், மனுப் போட்டவர் பெயர், வக்கீல் பெயர் நாலும் இருக்கும். என் பெயரை நானே அடித்து, கையெழுத்துக்கு வேலாயுதம் சாரிடம் கொண்டுபோய் வைத்தேன். படித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அளவுகோலை வைத்து என் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். "இனிமே திருமண வழக்குகள்ல பேர் வேணாம்மா. எண் மட்டும் போதும். குடும்ப விஷயம், பொம்பளப் புள்ளைகளுக்குக் கௌரவமா இருக்கட்டும்" என்றார். அன்றைக்குத் தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னால் குனிந்துகொண்டு அழுதேன். அவரை விட நல்ல மனுசர் உலகத்தில் இல்லை என்று நினைத்தேன்.

அந்த வழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. அவர் இடையில் மாறுதலில் போனார், இரண்டு பேர் வந்தார்கள், போனார்கள், தட்டச்சு இயந்திரம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது அவர் எங்களிடமே திரும்பி வந்தார். பட்டியலில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. பாகப்பிரிவினை வழக்கென்றால் பெயர் இருக்கும். விவாகரத்து என்றால் எண் மட்டும். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்காக வந்த வழக்கம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது, இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை, பத்தரை மணி. ஜன்னலில் ஒருத்தி வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மஞ்சள் பை, தலையில் பூ இல்லை, ஆனால் விரல் நகமெல்லாம் பூக்காம்பின் பச்சை. வடமதுரைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், பெயர் அழகம்மாள் என்றாள். பூப்பறிக்கிற வேலை. கணவனிடமிருந்து எட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் நீதிமன்றத்திலேயே விவாகரத்து வாங்கியவள். தீர்ந்தது என்று வக்கீல் சொன்னதும் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டாள், நகல் வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வக்கீலும் இறந்துவிட்டார். இப்போது ஊர்ச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர் வேலை காலி. புருஷன் இல்லாத பெண்களுக்கு முன்னுரிமை. ஆனால் வாயால் சொன்னால் போதாது, கோர்ட்டுக் காகிதம் வேண்டும். கடைசி நாள் அன்றைக்குத்தான். மாலை ஐந்து மணிக்குள் ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும்.

"கடைசி நாள் வரைக்கும் என்னம்மா செஞ்சே?" என்று கேட்டேன். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி சுலபமாக வரும்.

"நான் மூணு வாரமா வாரேன் மேடம். ரெண்டு தடவ மனுப் போட்டுட்டேன். தெனமும் பூப்பறிச்சுப் போட்டுட்டு பஸ்ஸப் பிடிச்சு வந்து, அந்தப் பலகையவே பாத்துக்கிட்டு நின்னேன். எம் பேரு வரவே இல்ல" என்றாள்.

பதிவேட்டைப் புரட்டினேன். இரண்டு மனுவும் இருந்தன. இரண்டுக்கும் தாள் கேட்டு நாங்கள் பட்டியல் ஒட்டியிருந்தோம். இரண்டும் மூன்று நாள் பலகையில் இருந்திருக்கின்றன. அந்த நாட்களில்தான் இவளும் வந்து நின்றிருக்கிறாள். ஆனால் பட்டியலில் இருந்தது ஒரு மனு எண், ஒரு வழக்கு எண், வக்கீல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், நேரில் மனுப் போட்டவர் என்பதற்கு ஆங்கிலத்தில் மூன்று எழுத்து. மனு எண்ணை அவளிடம் நாங்கள் சொல்லவில்லை. வழக்கு எண்ணை மனு எழுதிக் கொடுத்தவரே தேடி நிரப்பியிருந்தார். தன் வரிக்கு நேராக நின்றுகொண்டு தன் பெயரைத் தேடியிருக்கிறாள். இரண்டு மனுவின் மேலும் சிவப்புக் கோடு இருந்தது. அந்தக் கோட்டைக் கிழித்தது என் கை. 

எண்ணைப் பார்க்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன்.

"பலகன்னா பேரத்தான மேடம் பாப்பாக" என்றாள்.

வேலாயுதம் சாரிடம் போனேன். தள்ளுபடியான மனுவை உயிர்ப்பிக்க விதி இல்லை, புது மனுவாக அவசரம் என்று போட்டு எடுங்கள் என்றார். அவரே எழுந்து பதிவறைக்குப் போய் வழக்குக் கட்டை எடுத்துவந்தார், அது அவர் வேலை இல்லை. அழகம்மாளை முத்திரைத்தாள் விற்பவரிடம் ஓடச் சொன்னேன். ஓடிப் போய் ஓடி வந்தாள். மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு அடித்தேன். இரண்டு மணிக்கு ஒப்பிட உட்கார்ந்தோம். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வேகமாக வாசித்தேன். அவர் விரல் தன் வேகத்தில்தான் நகர்ந்தது. "செத்த நேரம்" என்றார், இன்னொரு முறை "செத்த நேரம்" என்றார். சார், மணி ஆகிறது என்றேன். கமாவோடு வாசிங்கம்மா என்றார். அந்த நேரத்தில் அந்த விரலை முறித்துப் போட்டுவிடலாம் போல எனக்கு ஆத்திரம். ஐந்தாம் பக்கத்தில் விரல் நின்றது. தீர்ப்புத் தேதியில், அவள் விவாகரத்து மனுத் தாக்கல் செய்த வருஷத்தை நான் அடித்திருந்தேன். வழக்கே தொடங்காத நாளில் விவாகரத்து ஆனதாக இருந்தது.

"இதக் கொண்டுபோய் நீட்டினா திருப்பி அனுப்பிருவாங்க. அந்தப் பக்கத்த மட்டும் திரும்ப அடிங்க" என்றார்.

அடித்தேன். மறுபடி வாசித்தேன். கையெழுத்து, முத்திரை, பின்பக்கத்தில் தேதிகள். மனுப் போட்ட நாள், தாள் கேட்ட நாள், தாள் கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள். ஐந்துக்கும் ஒரே தேதி. என் வேலைக்காலத்தில் அப்படி ஒரு நகலை நான் பார்த்ததில்லை. மூன்று வாரமாக நடக்காத வேலை ஐந்து மணி நேரத்தில் முடிந்திருந்தது. மூன்று ஐம்பதுக்கு அவள் கையில் கொடுத்தேன். மஞ்சள் பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினாள்.

செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தாள். வெள்ளிக்கிழமை அவள் போய்ச் சேர்ந்தபோது ஐந்தே கால், அலுவலகம் பூட்டியிருந்தது. திங்கட்கிழமை அதிகாரியைப் பார்த்து, மூன்று வாரமாக அலைந்தேன் என்று அழுதிருக்கிறாள். அவர் நகலைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். மனுப் போட்டதே வெள்ளிக்கிழமைதானே, கோர்ட்டே எழுதியிருக்கிறது, பொய் சொல்லாதே என்று அனுப்பிவிட்டார். நாங்கள் எழுதிய ஐந்து தேதியும் உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் அவளைப் பொய்க்காரி ஆக்கினார்கள்.

"நான் முன்னாடியே ரெண்டு தடவ மனுப் போட்டேன்னு ஒரு காகிதம் எழுதிக் குடுங்க. வேல போனாலும் பரவால்ல, நான் பொய் சொல்லலன்னு அவருகிட்ட காட்டணும்" என்றாள்.

வேலாயுதம் சார் ஜன்னலுக்கே எழுந்து வந்தார். கடிதமாகத் தர விதி இல்லை, பதிவேட்டின் அந்தப் பக்கங்களுக்கு நகல் கேட்டு மனுப் போட்டால் தரலாம் என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மறுபடியும் மனுவா சார்? இந்தத் தடவயாச்சும் பலகையில எம் பேரு வருமா?"

"திருமண வழக்குல பேர் போடுறதில்லம்மா."

"ஏன் சார்?"

"உங்க கௌரவத்துக்காகத்தான்."

அவள் ஜன்னலுக்கு இன்னும் கிட்டே வந்தாள். "எங்க ஊர்ல வெத்துப் பத்திரத்துல எழுதி யாருக்கும் தெரியாம முடிச்சிருவோம்னாக. நான் மாட்டேன்னு கோர்ட்டுக்கு வந்து, அம்புட்டுப் பேரு முன்னாடி கூண்டுல ஏறிச் சொல்லித்தான் தீத்துக்கிட்டேன். அப்பப் போகாத கௌரவமா சார், பலகையில பேரு எழுதினா போயிரும்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார், ஏற்கெனவே மூடியிருந்தது, திரும்பப் பையிலேயே வைத்துக்கொண்டார். அவள் மனுவை எழுதிக் கொடுத்தாள். உங்கள் பெயரைப் பலகையில் போடட்டுமா என்று கேட்டேன். அத்தனை வருஷத்தில் ஒரு பெண்ணிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்டது அன்றுதான். போடுங்க அக்கா, பெரிசாப் போடுங்க என்றாள்.

அவள் போன பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்ட கேள்வி சாருக்கு மட்டும் உரியதில்லை. அப்பாவின் காகிதத்தைத் தொடாமல் கோர்ட்டுக்கு வந்தவள்தான் நானும். ஆனால் என் பெயரின் மேல் ஒருவர் அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தபோது நன்றி சொல்லி அழுதிருக்கிறேன். அந்த அழுகைக்கு நான் வாங்கிய சலுகை, எத்தனை அழகம்மாள்களைத் தங்கள் வரிக்கு முன்னாலேயே நிற்க வைத்ததோ தெரியாது. சிவப்பு மையில் நான் அடித்த கோடுகளை எண்ணிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சாயங்காலம் கிளம்புவதற்கு முன்னால் ஒரு நகல் மனு எடுத்து, என் சொந்த வழக்கின் தீர்ப்புக்கு, என் பெயரில் நிரப்பிப் பெட்டியில் போட்டேன். எனக்கு அந்த நகல் தேவையே இல்லை, வீட்டில் பீரோவில் ஒன்று இருக்கிறது.

மறுநாள் பட்டியல் அடித்தேன். முதல் வரியில் என் பெயர், செ. ராஜாமணி, விவாகரத்துத் தீர்ப்பு நகல். இரண்டாம் வரி, அழகம்மாள், விவாகரத்து வழக்கில் நகல் மனுப் பதிவேட்டின் நகல். கொண்டுபோய் வேலாயுதம் சார் மேஜையில் வைத்தேன். 

அவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். படித்தார். மூடிவிட்டார்.

"அந்தப் பொண்ணு பேரு..." என்றார்.

"அவுங்ககிட்டக் கேட்டேன் சார். போடச் சொன்னாங்க."

"இன்னொரு பேரு?"

"அவுங்களையும் கேட்டுட்டுத்தான் சார் போட்டேன்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மேஜைமேல் இருந்த அளவுகோலையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்காகத்தாம்மா இந்த வழக்கத்தையே கொண்டுவந்தேன்" என்றார்.  எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, அவர் கெட்டவர் இல்லையே.

"தெரியும் சார். அன்னைக்கு நீங்க செஞ்சதுக்கு நான் அழுததும் நிஜம்தான். ஆனா நீங்க எங்கிட்டக் கேக்கல சார். நானும் மத்தவங்ககிட்டக் கேக்கல."

பேனாவை மூடினால் பேச்சு முடிந்தது என்று முன்னால் எழுதினேன். என் வேலைக்காலம் முழுவதிலும் அவர் மூடிய பேனாவைத் திரும்பத் திறந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். திறந்து, இரண்டு பெயருக்கும் கீழே கையெழுத்துப் போட்டார். காகிதத்தை என்னிடம் நீட்டும்போது, "பலகைய ஒரு அடி கீழ எறக்கி மாட்டச் சொல்லுங்க. பொம்பளைகளுக்குக் கண்ணுக்கு எட்டாத ஒசரத்துல இருக்கு" என்றார்.

அன்று மதியத்துக்குள் வராந்தா முழுக்க என் பெயர்தான். குமாஸ்தா ஒருவர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, மேடம், தவறுதலாக உங்கள் பெயர் வந்திருக்கிறது என்று ரகசியமாகச் சொன்னார். தவறு இல்லை, எழுத்துப் பிழை இருந்தால் சொல்லுங்கள் என்றேன். சாயங்காலம் செம்பட்டிக்கே செய்தி எட்டிவிட்டது. மாப்பிள்ளை வெளியூரில் வேலை பார்க்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த என் அத்தை மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. நிம்மதியான மூன்று மாதம். ஒருநாள் ஒரு அண்ணன்காரன் வந்து, தன் தங்கச்சி பெயரை எப்படிப் பலகையில் போடலாம் என்று ஜன்னலைத் தட்டிக் கத்தினான். உன் தங்கச்சியைக் கேட்டுத்தான் போட்டேன், வேண்டாம் என்றால் அவளை வந்து சொல்லச் சொல் என்றேன். அவள் வரவில்லை, நகலை வாங்கத்தான் வந்தாள்.

எல்லாரும் பெயர் போடச் சொன்னார்கள் என்று பெருமை அடிக்க மாட்டேன். பாதிப் பேர் வேண்டாம் அக்கா என்றார்கள். அவர்களுக்கு மனு எண்ணைப் பெரிதாகத் துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்து, பலகைக்குக் கூட்டிக்கொண்டு போய், இந்த எண் எந்த இடத்தில் வரும் என்று விரல் வைத்துக் காட்டினேன். அதற்கு ஆகும் நேரம் ஒரு டீ குடிக்கிற நேரம். அதைச் செய்யாமல் இருப்பதற்கு எங்களிடம் அத்தனை வருஷமும் விதிகள் இருந்தன.

அழகம்மாளுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. அதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. பதிவேட்டின் நகலைக் கொண்டுபோய் அதிகாரியிடம் காட்டினாள், அவர் படித்துவிட்டு, வேறு ஆளைப் போட்டாகிவிட்டது என்றார். பொய் சொன்னாய் என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறாள், வாங்கிக்கொள்ளும்வரை நகரவில்லை. ஒன்றரை வருஷம் கழித்துப் பக்கத்து ஊரில் ஒரு இடம் காலியானது. முதல் நாளே காகிதத்தோடு போய் நின்றுவிட்டாள். அந்த வேலையில்தான் இன்னும் இருக்கிறாள்.

இப்போது பலகை போய்விட்டது, குறுஞ்செய்தி வந்துவிட்டது. போனில் அந்தத் தம்பியிடம் ஒன்று கேட்டேன். மனுவில் செல்போன் எண் எழுதுகிற கட்டத்தில் யாருடைய எண்ணை எழுதுகிறார்கள்? வக்கீல் ஆபீஸ் எண் மேடம், இல்லாவிட்டால் அண்ணன், அப்பா எண் இருக்கும் என்றார். அந்தப் பெண்ணின் எண்ணைக் கேட்டீர்களா என்றேன். கேட்டதில்லை மேடம் என்றார். நாளைக்கு இன்னொருத்தி எங்கேயோ பூப்பறித்துப் போட்டுவிட்டு, தன் போனில் வராத செய்திக்காக மூன்று வாரம் காத்திருப்பாள். பலகையை எடுத்துவிட்டதால் அது மாறப்போவதில்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருப்பவர் வாயைத் திறந்து கேட்டால்தான் மாறும்.

இனி அந்தத் தம்பியின் யோசனை. சொந்த விஷயம் எல்லாம் வருவதால், கட்டுரைக்குப் பெயர் போடாமல் 'ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவர்' என்று மட்டும் போட்டுவிடலாமா, உங்கள் நல்லதுக்காகத்தான் சொல்கிறேன் மேடம் என்றார். அவரும் கெட்டவர் இல்லை. என்னிடம் கேட்கவாவது செய்தார், அந்த மட்டில் எங்கள் காலத்தைவிட முன்னேற்றம்தான். தம்பி, கேட்டதற்கு என் பதில் இது. பெயரைப் போடுங்கள். கட்டுரைக்குக் கீழே பொடியெழுத்தில் வேண்டாம், மேலே போடுங்கள், கண்ணுக்கு எட்டுகிற இடத்தில்.

செ. ராஜாமணி, செம்பட்டி.